துளையா, பெயிண்டா? சேலத்துச் சின்னக் காற்றுச் சுரங்கத்தில் எடுத்த முடிவு

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருப்பது சின்னக் காற்றுச் சுரங்கம், அதாவது மாதிரியை உள்ளே வைத்து விசிறியால் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கூடு. ஓரடிக்கு ஓரடி வாய். விசிறி முழு வேகத்தில் சுற்றினால் நொடிக்கு 30 மீட்டர் காற்று. விமான இறக்கை மாதிரியின் மேல் எங்கெங்கே எவ்வளவு அழுத்தம் என்று அளக்க இரண்டு வழி இருந்தது. மில்லிமீட்டருக்கும் சிறிய துளைகள் போட்டு, டியூப் இழுத்து, குழாய்களில் தண்ணீர் ஏறி இறங்குவதை வைத்து அழுத்தம் காட்டும் மானோமீட்டரில் கோர்ப்பது ஒன்று. ஒளிரும் பெயிண்ட் இன்னொன்று. நான் துளைக்குப் போனேன், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

பெயிண்ட் அழகான சங்கதி, மறுக்கவில்லை. பிளாட்டினம் போர்ஃபிரின் போன்ற சாயத்தில் ஊதா ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு மோதினால் அந்த ஒளி அணையும். அழுத்தம் கூடிய இடத்தில் மங்கல், குறைந்த இடத்தில் பளிச். விசிறி ஓடாதபோது ஒரு படம், ஓடும்போது ஒரு படம் எடுத்து ஒன்றை ஒன்றால் வகுத்தால் முழுப் பரப்பும் தெரிந்துவிடும். துளை, தான் இருக்கும் புள்ளியை மட்டுமே சொல்லும்.

சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. 30 மீட்டர் வேகத்தில் எங்களுக்குக் கிடைக்கும் அழுத்த மாற்றம் சுமார் 500 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம். பெயிண்டின் ஒளி மாறுவதும் அதே அளவுக்குள்தான். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே ஒளி சுமார் ஒரு சதவீதம் குறையும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மோட்டார் பத்து நிமிடம் ஓடினால் அறைக்காற்று மூன்று டிகிரி ஏறிவிடுகிறது. அப்புறம் கேமரா அளப்பது இறக்கையை இல்லை, சேலத்து வெயிலை.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, பெயிண்ட் பூசிய தீப்பெட்டி அளவு அலுமினியத் தகடு ஒன்றை பிஸ்கட் டின்னில் வைத்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோனேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் அழுத்தம் சுமார் 13 கிலோபாஸ்கல் குறையும், எங்கள் சுரங்கம் தருவதைப் போல இருபத்தைந்து மடங்கு. கீழே எடுத்த அதே டார்ச், அதே கேமரா அமைப்பு. மேலே படம் நன்றாகவே பளிச்சிட்டது. சரி, வென்றுவிட்டது என்று நினைத்தேன். குளிர்ந்த தகட்டின் பின்பக்கத்தை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மறுபடி எடுத்தேன். கூடியிருந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதியைக் காணோம். மலைக் குளிரைத்தான் அழுத்தம் என்று நம்பியிருக்கிறேன்.

ஒலிவேகத்தை நெருங்கும் சுரங்கங்களில் கதை வேறு. அங்கே அழுத்தமே பத்து, இருபது கிலோபாஸ்கல் கணக்கில் மாறும், பெயிண்டுக்கு ஏற்ற களம். வெப்பத்தைச் சரிக்கட்டும் இரட்டைச் சாய பெயிண்டும் உண்டு. இரண்டும் எனக்குப் படிப்பறிவுதான், கைப்பழக்கம் இல்லை.

துளைக்கும் தொல்லை உண்டு. லேத் பட்டறையில் போட்ட 24 துளைகளில் நான்கில் விளிம்பில் பிசிறு. நகத்தால் தடவினால் தட்டும். அந்த நான்கும் பொய் சொல்லின. நைசான உப்புத்தாளால் தேய்த்ததும் வழிக்கு வந்தன. கோடை விடுமுறை முடிந்து வந்தபோது ஏழாம் குழாயில் தண்ணீர் அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் டியூப் வாயில் குளவி மண். கம்பியால் குத்தி எடுக்க ஐந்து நிமிடம் ஆனது.