ஜன்னல் கதவில் ஒரு நாற்றுப்பெட்டி: குமரி மாவட்டத் தோவாளைப் பக்கம் ஆறு வருட அனுபவம்

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது எங்கள் பழைய அடுக்களையின் மேல் பலாமரம் சாய்ந்தது. சுவர் போயிற்று. அயினி மரச் சட்டத்தில் கண்ணாடி போட்ட ஜன்னல் கதவு இரண்டு மட்டும் கீறல்கூட இல்லாமல் பிழைத்தன. தூக்கிப் போட மனசு வரவில்லை, தொழுவத்தில் சாத்தி வைத்திருந்தேன். 2019 சித்திரையில் 'கோல்ட் ஃபிரேம்' (cold frame) செய்யும் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. கதவுகளுக்கு வேலை வந்தது.

குளிர்நாட்டுக்காரர்களின் சாமான் அது. அடியில்லாத பெட்டி, மேலே கண்ணாடி மூடி. பகல் சூட்டைப் பிடித்து வைத்து, பனி விலகும் முன்னாலேயே உள்ளே நாற்று வளர்ப்பார்கள். நம் ஊரில் எந்தப் பனிக்குப் பயந்து இதைச் செய்கிறோம் என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை. செங்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி, 4 அடிக்கு 3 அடி பெட்டி கட்டி, வீடியோவில் சொன்னபடி தெற்குப் பார்த்துச் சரிவும் வைத்தேன். தக்காளி விதைத்தேன், நன்றாகவே முளைத்தது. ஒருநாள் காலையில் மூடியைத் திறக்க மறந்து வடசேரிச் சந்தைக்குப் போய்விட்டேன். மதியம் வந்து திறந்தால் இட்லிப் பானையைத் திறந்தது மாதிரி முகத்தில் ஆவி. நாற்று எல்லாம் அவித்த கீரை.

அந்தச் சரிவும் வீண்தான். நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். சித்திரையில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஆனியில் தலைக்கு வடக்கே போய்விடும். தெற்கே சாய்த்து எதைப் பிடிக்க? மேல்வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டு நாலு பக்கமும் சமமாக்கினேன்.

பெட்டியின் அருமை தெரிந்தது ஆனிச் சாரலில்தான். திறந்த தட்டில் மிளகாய் விதை போட்டால் பாதி மழையில் அடித்துக்கொண்டு போகும். முளைத்ததும் தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் நூல் மாதிரி மெலிந்து, கருத்து, மடங்கி விழும். நாற்றழுகல். மூடிக்குக் கீழே அது வெகுவாகக் குறைந்தது, மூடியை ஒரு செங்கல் உயரத்துக்குத் தூக்கியே வைத்தால். ஈரத்தை உள்ளே அடைத்துவைத்தால் அதே அழுகல் அங்கேயும் வரும். இந்த ஆறு வருடத்தில் மூடியை முழுசாகச் சாத்திய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எந்தப் பக்கம் தூக்குவது என்பதுதான் பெரிய பாடம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று (மேற்குக் காற்று) எப்படி வீசும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் கீலைக் கிழக்கே வைத்து மேற்கே திறந்திருந்தேன். காற்று அடியில் புகுந்து மூடியைப் புரட்டிப்போட்டு, ஒரு கதவின் கண்ணாடி நொறுங்கியது. இப்போது கீல் மேற்கே. காற்று மூடியின் முதுகில் அழுத்துகிறது, மழையும் அந்தப் பக்கமே வழிந்துவிடுகிறது. ஐப்பசியில் மழை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது நானும் மகனும் சட்டத்தோடு தூக்கித் திருப்பி வைப்போம். சாந்து பூசாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக வெயில் தாங்கும் 200 மைக்ரான் யு.வி. பிளாஸ்டிக் ஷீட் அடித்தேன். எடை குறைவு, உடையாது. ஆனால் மூன்று வருடத்தில் மங்கி, சட்டத்தில் உரசும் ஓரம் கிழிந்தது. கண்ணாடியில் படியும் பாசியை ஒரு துணியால் துடைத்தால் போச்சு. என் ஓட்டு கண்ணாடிக்கே.

மழைக்காலத்தில் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. குடை பிடித்துக்கொண்டு பூவாளியோடு நின்றபோது பக்கத்து வீட்டுச் சித்தி, "மக்கா, மழையிலயா தண்ணி விடுதே, கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றாள். மூடிக்குக் கீழே மண் பொரிந்து கிடந்ததைக் கூட்டிவந்து காட்டிய பிறகுதான் நம்பினாள்.

அடுத்த தொல்லை ஆப்பிரிக்க நத்தை. செங்கல் இடுக்கில் பகலெல்லாம் குளிர்ச்சியாகத் தூங்கிவிட்டு, ராத்திரியில் ஒரு வரிசை கத்தரி நாற்றை மொட்டையடித்துவிடும். சாயங்காலம் நனைத்த சாக்கில் பப்பாளி இலையைச் சுருட்டிப் பக்கத்தில் வைப்பேன். ராத்திரி டார்ச்சோடு போனால் அதில் மொய்த்திருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, வாளி உப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன். வெறுங்கையால் தொடாதீர்கள்.

தக்காளி 25 நாளில் பெட்டியை விட்டு வெளியேறும், கத்தரிக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு 40 நாள். கடைசி ஒரு வாரம் மழை விட்ட நேரமெல்லாம் மூடியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்டு சவலையாக நிற்கும். நட்டபிறகு பெட்டி எதற்கும் பொறுப்பில்லை. எங்கள் செம்மண்ணில் நன்றாக நின்ற தக்காளி ஒரே நாளில் பச்சையாகவே வாடும். தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தேன், பால் மாதிரி வெள்ளையாக ஒழுகியது. பாக்டீரியா வாடல். அதனால் இப்போது தக்காளியைச் சாக்குப் பையில்தான் நடுகிறேன். கத்தரிக்குச் சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கன்றை விலைக்கு வாங்கிவிடுகிறேன்.

பெட்டியால் கிடைத்த பெரிய லாபம் காலிபிளவர். ஐப்பசி மழையில் உள்ளே நாற்று விட்டு, கார்த்திகையில் வெளியே நட்டால் மாசிக்குள் பூ வெட்டலாம். சிரட்டையளவுதான் வரும். பங்குனியிலிருந்து இடவப்பாதி (வைகாசிப் பாதி) வரை கதவைக் கழற்றிவிட்டு 50 சதவீத நிழல்வலை. கீழே தண்டங்கீரையும் கொத்தமல்லியும். அந்த இரண்டரை மாதமும் அது வெறும் செங்கல் பாத்திதான்.

குலசேகரத்தில் இருக்கும் தங்கைக்கும் இதேபோல் ஒன்று செய்துகொடுத்தேன். அங்கே காற்றுத் தொல்லை இல்லை. ரப்பர் மர நிழலும் ஓயாத மழையும் சேர்ந்து மண் உலரவே மாட்டேன் என்கிறது. இரண்டாம் வருடமே அவள் அதில் கோழிக்குஞ்சை விட்டுவிட்டாள்.

அயினிச் சட்டம் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. இரும்புக் கீல் மட்டும் மூன்று தடவை துருப்பிடித்துப் போயிற்று. இந்த ஆனிக்கு முன்னால் ஆசாரியிடம் சொல்லிப் பித்தளையில் போட வேண்டும்.