கேத்ரின் மோர்கனின் பாலே வகுப்பு: காபிக்கு முன் அரை மணி நேரம்

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுக் காபிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு யோசனை: யூடியூபில் கேத்ரின் மோர்கனின் பாலே வகுப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. பிடித்துக்கொள்ளக் கனமான மர நாற்காலி ஒன்று இருந்தால் போதும். பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. காலைத் தூக்கினால் அதுவும் கூடவே கிளம்பிவிடும்.

கற்றுத்தருகிறவர் லேசுப்பட்டவர் அல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் வளர்ந்து, நியூயார்க் சிட்டி பாலே என்ற நடனக் குழுவில் இருபது வயதுகூட ஆகாதபோதே ஜூலியட்டாக ஆடி, 2009இல் அங்கே தனியாட்டம் ஆடும் சோலோயிஸ்ட் ஆனவர். அடுத்து வந்தது தைராய்டு சுரப்புக் குறைவு. எடை கூடியது, உடம்பு சோர்ந்தது, 2012இல் குழுவை விட்டு வெளியேறினார். ‘டான்ஸ் ஸ்பிரிட்’ பத்திரிகையில் இளம் நடனக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். கேமராவை வைத்து வகுப்பு நடத்தத் தொடங்கினார். 2019இல் மயாமி சிட்டி பாலேயில் மறுபடி சோலோயிஸ்டாகச் சேர்ந்து, 2020இல் விலகினார். உடல் வடிவம் குறித்த நெருக்கடி தன் மனநலத்தைப் பாதித்ததாக அவர் பேசிய காணொளி பாலே உலகில் பெரிதாகப் பேசப்பட்டது.

எனக்குப் பிடித்தது வகுப்பின் ஒழுங்கு. முதலில் முட்டியை மடக்கி இறங்கி எழும் பிளியே, அடுத்து தாந்தூ, பிறகுதான் காலை வீசும் வேலையெல்லாம். தாந்தூ பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அசைவு. காலை முன்னால் நீட்டி மறுபடி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். முதலில் குதிகால் எழும், அப்புறம் பாதத்தின் நடு, கட்டைவிரல் நுனி மட்டும் தரையைவிட்டு எழவே கூடாது. மொசைக் தரையில் காலுறையோடு செய்தால் வழுக்கும், வெறுங்காலோடு செய்தால் ஒட்டும். பழைய காலுறையின் குதிகால் பகுதியை வெட்டிவிட்டால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பரதநாட்டியம் பழகியவர்கள் பிளியேயைப் பார்த்து, முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் நம் அரைமண்டிதானே என்று நினைப்பார்கள். முட்டி பக்கவாட்டில் திரும்புவது வரைக்கும் சரி. அரைமண்டியில் உட்கார்ந்தால் அங்கேயே இருந்து அடவுகளை, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவுகளை, செய்வோம். பிளியேயில் கீழே போய்ச் சேர்ந்த கணமே மேலே வரத் தொடங்கியிருக்க வேண்டும். என் தொடைக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

மனநலம் பற்றி அவர் பேசும் காணொளிகளை வகுப்புகளோடு கலக்காமல் தனியாகப் பார்ப்பது நல்லது. சில கனமானவை, இரவில் வரிசையாகப் பார்த்தால் தூக்கம் போய்விடும். அவர் மருத்துவரும் அல்ல. ஆனாலும் ‘உடலை நேசியுங்கள்’ என்ற வெற்று முழக்கத்தைவிட, எடை கூடியிருந்த காலத்திலும் கேமரா முன் நின்று ஆடிக் காட்டியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பதிமூன்று வயதில் என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீ நட்டுவாங்கம் கற்றுக்கொள்ளேன்” என்றார் என் நடன ஆசிரியை. தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் மட்டமான கலையா என்ன? ஆனால் அவர் அந்தக் கலையை நினைத்துச் சொல்லவில்லை, என் உடம்பைப் பார்த்துச் சொன்னார், அதுதான் விஷயம். அந்த வயதில் இப்படி ஒருவர் ஆடுவதைப் பார்த்திருந்தால் சலங்கையைப் பரணில் போட்டிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

குறை என்றால், எந்தக் காணொளி வகுப்புக்கும் உள்ள குறைதான். நம் முட்டி உள்ளே சாய்வதை எதிரே இருப்பவர் பார்க்க மாட்டார். நேரே ஒரு கண்ணாடி இருந்தால் பாதிக் குறை தீரும். ஒற்றைக் காலில் நிற்கும்போது விளம்பரம் வந்தால் திட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அசைவுகளின் பெயர்கள் எல்லாம் பிரெஞ்சு. காதில் ஏறச் சில நாட்கள் ஆகும், அதுவரை காலைப் பார்த்துச் செய்யலாம்.

மேடை ஒப்பனை, கொண்டை போடுவது, விரல் நுனியில் நின்று ஆட உதவும் பாயின்ட் காலணிக்கு நாடா தைப்பது பற்றியும் காணொளிகள் இருக்கின்றன. கொண்டையைப் பாருங்கள், நம் வீட்டுக் கல்யாணங்களுக்கும் உதவும். பாயின்ட் காலணியை மட்டும் இணையத்தில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கணுக்கால் பலப்பட்ட பிறகு, நேரில் ஒரு ஆசிரியர் சரி என்று சொன்னால்தான் அதில் ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் முழுதாகக் கீழே இறங்கும் கிராண்ட் பிளியேயை விட்டுவிடலாம். நான் விட்டுவிட்டேன், வகுப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.