ஹார்மோன் சிகிச்சை என்ற பெயரில் 8 மாதம் ஏமாந்தேன்: 40 வயதைத் தாண்டிய பெண்கள் படிக்கவும்

எனக்கு 46 வயது. சென்ற ஆண்டு ஓர் இரவு, இதயம் திடுதிடுவென்று அடித்து என்னை எழுப்பிவிட்டது. மார்பிலிருந்து முகம்வரை குப்பென்று சூடேறி, உடம்பெல்லாம் நனைந்து, பிறகு குளிரெடுத்தது. அடுத்தடுத்த வாரங்களில் காலில் எறும்பு ஊர்வதுபோல் அரிப்பு. பார்த்தால் ஒன்றும் இருக்காது. நாக்கு நுனியில் சுட்டுக்கொண்டதுபோல் எரிச்சல். உள்ளாடைக் கொக்கியைப் போடக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாதபடி இடது தோள்பட்டை இறுகிவிட்டது.

முதலில் பார்த்த மருத்துவர் ஈ.சி.ஜி. எடுத்தார். கோளாறு இல்லை. "மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் அம்மா" என்று அனுப்பிவிட்டார். மாதவிடாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த மனநிலையில்தான் ஒரு ஹார்மோன் நல மையத்துக்குப் போனேன். அங்கிருந்த ஆலோசகர் அரை மணிநேரம் பொறுமையாகக் கேட்டார். "இது பெரிமெனோபாஸ் மேடம், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றக் காலம். உங்கள் கற்பனை இல்லை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சொன்னது உண்மை. அந்த ஓர் உண்மையைக் காட்டியே என்னைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சிறு குழாயில் உமிழ்நீரைத் துப்பச் சொன்னார்கள். வண்ணப் பட்டைகளோடு அறிக்கை வந்தது; "ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்" என்று சிவப்பில் போட்டிருந்தது. அதாவது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதிகமாம். 3 கட்டச் சிகிச்சை, முழுப் பணமும் முன்கூட்டியே. ஒவ்வொரு கட்ட முடிவிலும் மறுபடி உமிழ்நீர், மறுபடி வேறு எண்கள், அதைச் சொல்லி வேறு மாத்திரைகள். குப்பியின்மேல் "தனிப்பட்ட கலவை" என்று இருந்ததே தவிர, உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று ஒரு வரி இல்லை.

எண்கள் மாறத்தான் செய்யும். இந்த வயதில் சினைப்பை சீராக வேலை செய்யாது. ஈஸ்ட்ரோஜன் இன்று ஏறும், நாளை இறங்கும். ஒருநாள் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் முறைதவறி, இத்தகைய உபாதைகளும் இருந்தால், அதை வைத்தே மருத்துவர் பெரிமெனோபாஸ் என்று சொல்லிவிடலாம். ஹார்மோன் பரிசோதனை வேண்டியதில்லை என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது.

இதற்கிடையே என் ரத்தப்போக்கு மாதாமாதம் அதிகரித்தது. மணிக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாக, 10 நாள்வரை. மையத்தில் சொன்னேன். "தேங்கியிருந்த ஈஸ்ட்ரோஜன் வெளியேறுகிறது மேடம், நல்ல அறிகுறி" என்றார்கள். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மாடிப்படியில் பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினேன். ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்கட்டிகளை எடுத்து நறநறவென்று மென்று தீர்த்தேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை.

தங்கைதான் ஒரு மகளிர் நல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள்?" கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐஸ் தின்னத் தோன்றுகிறதா அம்மா?" என்றார். ஹீமோகுளோபின் 7.1 இருந்தது. ஐஸ் வெறி இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாம். படபடப்புக்கு ரத்தசோகையும் காரணம். கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்காது, கர்ப்பப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போய் ஒருநாள் கொட்டித் தீர்க்கும் என்று படம் வரைந்து விளக்கினார். ஸ்கேன் எடுத்து, திசுப் பரிசோதனையும் செய்து, புற்றுநோய் இல்லை என்று உறுதியான பிறகே மருந்து எழுதினார்.

இரும்புச்சத்து மாத்திரையும் புரோஜெஸ்டிரோனும் எடுத்துக்கொள்கிறேன். படியேற முடிகிறது. தோள்பட்டைக்குப் பிசியோதெரபி, மெல்லத்தான் இளகுகிறது. இரவுச் சூடு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

உங்களுக்கும் ஒன்றிரண்டு மணிநேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா, 7 நாளைத் தாண்டுகிறதா? "இந்த வயதில் அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது), தைராய்டு மூன்று பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். தைராய்டு கோளாறும் இதே படபடப்பையும் வியர்வையையும் தரும். மார்புவலியோ மயக்கமோ வந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மாதவிடாய் முழுதாக நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: கர்ப்பப்பை இருப்பவர்கள் உடல் முழுவதும் செயல்படும் ஈஸ்ட்ரோஜன் மருந்தைத் தனியாக எடுத்தால் உட்படலம் தடிக்கும், புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும். அதனால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத குப்பியைப் பார்த்தாலே எனக்கு இப்போது நடுக்கம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நான் கையெழுத்திட்ட படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள்: "இது மருத்துவச் சிகிச்சை அல்ல, நலவாழ்வு ஆலோசனை மட்டுமே." மையம் தந்த அறிக்கைகளையும், மிச்சமிருக்கும் குப்பிகளின் படங்களையும், 7.1 என்று காட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் இணைத்து நுகர்வோர் புகார் அனுப்பியிருக்கிறேன்.