தொடை நரம்பு மாட்டிக்கிச்சுன்னா: ஊசியா, நுண்துளையா, வெட்டி எடுக்கிறதா?

தொடையோட வெளிப்பக்கம் எரிச்சல், மரமரப்பு, துணி உரசினாலே தாங்கலன்னா உடனே முதுகு டிஸ்க்குனு முடிவு கட்டிடுறாங்க, எங்க அண்ணனுக்கும் அதான் ஆச்சு, எட்டு மாசம் முதுகுக்கே மாத்திரை, கடைசில பாத்தா இடுப்பெலும்போட முன்முனைகிட்ட கவட்டை தசைநாருக்கு அடியில ஒரு நரம்பு நசுங்கிக்கிட்டு இருக்கு. இந்த கோளாறுக்கு மெரால்ஜியா பரஸ்தெட்டிகான்னு பேரு, 1895ல வெச்சது. இந்த நரம்புக்கு தோல் உணர்ச்சி மட்டும்தான் வேலை, எந்த தசையையும் இது இயக்காது, அதனால கால் பலமே கொறையுதுன்னா வேற எதையோ தேடணும்.

முதல்ல பெல்ட்டையும் டைட் ஜீன்ஸையும் விடுங்க, தொப்பை இருந்தா கொறைங்க. நிறைய பேருக்கு இதுலயே சரியாகுது, கர்ப்பத்துல வந்ததுன்னா பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் தானா போயிடும்.

அதுக்கும் அடங்கலன்னா அல்ட்ராசவுண்ட் பாத்து போடுற ஊசி. இத நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன், ஏன்னா மரப்பு மருந்து போட்டதும் வலி நின்னா குற்றவாளி இந்த நரம்புதான்னு கிட்டத்தட்ட உறுதியாகுது, நிக்கலன்னா ஆபரேஷன் டேபிள் பக்கமே போகாதீங்க. கூட சேக்குற ஸ்டீராய்டால வலி கொஞ்ச காலம் அடங்கலாம், ஆனா சுகர் உள்ளவங்களுக்கு அது சுகர ஏத்தும், அத முன்னாடியே சொல்லிடுங்க.

ஆபரேஷன்னா ரெண்டு வழி. இறுக்கத்த மட்டும் விடுவிச்சா உணர்ச்சி மிஞ்சும், ஆனா வலி திரும்ப வரலாம். நரம்பையே வெட்டுனா முழுசா வலி போனவங்க அதிகம்னு ஆய்வுத் தொகுப்புகள் சொல்லுது, ஆனா அந்த இடம் ஆயுசுக்கும் மரத்தே இருக்கும், வெட்டுன முனையில வலிக்கிற முடிச்சும் வரலாம். வெட்டுனத திரும்ப ஒட்ட முடியாதுங்கறதால முதல்ல விடுவிக்கிறதுதான் சரின்னு எனக்கு படுது.

அந்த விடுவிப்பத்தான் கேமரா விட்டு நுண்துளையிலயும் பண்றாங்க. காயம் சின்னது, உள்ள பெருசா தெரியும், சரிதான், ஆனா தொறந்து பண்ணாலும் சில சென்டிமீட்டர் வெட்டுதானே, அதனால வயித்து ஆபரேஷன் மாதிரி மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இதுல இல்ல. இந்த நரம்பு ஆளுக்கு ஆள் தடம் மாறும், சிலருக்கு முன்னாடியே கிளை பிரிஞ்சிருக்கும், சிலருக்கு எலும்பு மேலயே ஏறிப் போகும், சின்ன ஓட்டை வழியா அத தேடிப் பிடிக்க கைப்பழக்கம் வேணும், அப்படிப் பண்ற டாக்டர்களும் கம்மி. அண்ணன் தொறந்தே பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டாரு, அந்த டாக்டர் இதே நரம்ப பலதடவ பாத்தவரு, முந்தின நாளே அல்ட்ராசவுண்ட்ல தடத்த பாத்து தோல்ல மார்க்கரால கோடு போட்டுட்டாரு.