ரெவிட்டில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது: பல வருடப் பயன்பாட்டில் பிடிபட்டவை

கட்டிட வரைபட மென்பொருளான ரெவிட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் 3டி மாடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வீடுகளும் சின்ன மருத்துவமனைகளும் வரைந்துகொண்டு பல வருடமாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். என் அனுபவத்தில் மாடல் செய்வதைவிட அதிக நேரம் பிடிப்பது வேறொன்று: எந்த வியூவில், அதாவது மாடலின் எந்தக் காட்சியில், எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும், எந்தக் கோடு தடிமனாக விழ வேண்டும் என்பது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், கோடுகளை அடுக்குகளாகப் பிரிக்கும் லேயரை ஆஃப் செய்தால் முடிந்தது. இங்கே சுவர் ஒன்றுதான். மேலிருந்து பார்க்கும் பிளானிலும் குறுக்கே வெட்டிப் பார்க்கும் செக்‌ஷனிலும் பக்கத் தோற்றமான எலிவேஷனிலும் வந்து நிற்பது அதே சுவர். அதனால் மறைப்பதற்கு வழிகளும் நிறைய. கண்ட வழியில் எல்லாம் மறைத்தால் மூன்று மாதம் கழித்து ஷீட்டில் (அச்சிட்டுக் கொடுக்கும் தாளில்) ஏன் தூண் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

விசைப்பலகையில் 'வி'யை இரண்டு முறை தட்டினால் விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் ஜன்னல் திறக்கும். எல்லோருக்கும் தெரிந்த இடம் அது. ஆனால் எதை எது மிஞ்சும் என்ற வரிசை மனதில் இருந்தால்தான் அந்த ஜன்னல் உதவும். கோட்டின் தடிமன், நிறம் ஆகியவற்றைச் சொல்லும் ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ் முழு புராஜெக்டுக்கும் பொதுவான அடிப்படை. வியூவில் ஒரு கேட்டகரிக்கு, அதாவது சுவர், கதவு போன்ற ஒரு வகைக்கு, மாற்றினால் அது ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸை மிஞ்சும். ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட மதிப்புள்ள பொருள்களை மட்டும் பிரித்தெடுக்கும் விதி, கேட்டகரியை மிஞ்சும். ஒரு பொருளை மட்டும் ரைட் கிளிக் செய்து மாற்றினால் அது ஃபில்டரையும் மிஞ்சிவிடும். ஃபில்டர்களுக்குள்ளேயே மோதல் வந்தால் பட்டியலில் மேலே இருப்பதற்குத்தான் வெற்றி. 'கலர் வைத்தேன், வரவில்லை' என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த வரிசையைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபில்டர். மருத்துவமனைப் பிளானில் தீ தாங்கும் சுவர்களைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் டைப்பில் ஃபயர் ரேட்டிங் என்ற இடத்தில் 2 மணி நேரம் என்று எழுதி, அந்த மதிப்புள்ள சுவரெல்லாம் சிவப்பு என்று ஒரு விதி போட்டால் போதும். நாளைக்கு வேறொருவர் அதே டைப்பில் புதுச் சுவர் இழுத்தாலும் அது சிவப்பாகவே வரும். சுவர் சுவராகக் கையால் நிறம் கொடுத்தால் இது நடக்காது. பழைய பதிப்புகளில் இரண்டு குறைகள் இருந்தன. 'இது அல்லது அது' என்ற விதி 2019 பதிப்பில்தான் வந்தது. ஃபில்டரை நீக்காமல் தற்காலிகமாக அணைத்து வைக்கும் டிக், 2021இல். இந்த இரண்டும் வந்த பிறகு வேலை எவ்வளவு லேசானது என்பது பழைய பதிப்பில் உழைத்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது வியூ ரேஞ்ச், அதாவது பிளானை எந்த உயரத்தில் வெட்டுவது, எதுவரை காட்டுவது என்ற அமைப்பு. நம் ஊர் வீட்டு வரைபடங்களில் அதிகம் தலைவலி தருவது இதுதான். மெட்ரிக் டெம்ப்ளேட்டில் (ரெவிட் தரும் தொடக்கக் கோப்பில்) பிளானை வெட்டும் உயரம் 1200 மில்லிமீட்டர். காம்பவுண்டு சுவர் 5 அடி, அதாவது கிட்டத்தட்ட 1500. கணக்குப்படி வெட்டுப்பட்டு உள்ளே நிறம் நிரம்பி வர வேண்டும், ஆனால் வெறும் இரண்டு மெல்லிய கோடாகத்தான் நிற்கும். 6 அடிக்குக் குறைவான சுவரை ரெவிட் பிளானில் வெட்டாது என்பது அதில் உள்ள விதி. வெட்டுப்பட்ட பகுதியை நிரப்பும் கட் பேட்டர்னை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை. காம்பவுண்டு சுவர் டைப்புக்கென்று ஒரு ஃபில்டர் போட்டு, வெட்டுப்படாமல் தெரியும் பொருளுக்கான ப்ரொஜெக்‌ஷன் கோட்டைத் தடிமனாக்கி, மேற்பரப்பை நிரப்பும் சர்ஃபேஸ் பேட்டர்னில் நிறம் கொடுங்கள். வேலை முடிந்துவிடும்.

பாத்ரூம் வென்டிலேட்டர் இன்னொன்று. லிண்டல் மட்டமான 7 அடியில் முடியும், அடிப்பக்கம் ஐந்தரை அடியில் இருக்கும். 1200இல் வெட்டினால் அங்கே வெறும் சுவர்தான். அதற்காக முழு பிளானையும் உயரத் தூக்கி வெட்டினால் மற்ற ஜன்னல்கள் கெடும். பாத்ரூமைச் சுற்றி மட்டும், வெட்டும் உயரத்தைத் தனியாக வைக்க உதவும் பிளான் ரீஜன் வரைந்து, அதற்குள் 1900 என்று வைத்தால் வென்டிலேட்டர் வந்துவிடும். அந்த ரீஜனின் எல்லைக்கோடு பிரிண்டிலும் விழும். விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் ஜன்னலின் அனோட்டேஷன் பட்டியலில் அதை அணைக்க மறக்க வேண்டாம்.

காணாமல் போன பொருளைத் தேட பல்பு பொத்தான் இருக்கிறது. கையால் மறைத்ததையும் கேட்டகரியாக மறைத்ததையும் அது மெஜந்தா நிறத்தில் காட்டும். ஆனால் வியூ ரேஞ்சுக்கு வெளியே இருப்பதையோ, மூடி வைத்த வொர்க்செட்டில் (குழு வேலைக்காக மாடலைப் பிரிக்கும் தொகுதியில்) இருப்பதையோ காட்டாது. வியூ எந்தத் துறைக்கானது என்று சொல்லும் டிசிப்ளின் என்ற ஒரு வரியையும் பாருங்கள். அது ஸ்ட்ரக்சுரல் என்று இருந்தால் பாரம் தாங்காத சுவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஒரு பொருள் ஏன் தெரியவில்லை என்று ஒரே இடத்தில் சொல்லும் வசதி இருந்தால் புதியவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். இப்போதைக்கு ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கட்டிக்காப்பது வியூ டெம்ப்ளேட், அதாவது இந்த அமைப்புகளைச் சேமித்து வைத்துப் பல வியூக்களுக்கும் போடும் வார்ப்பு. அப்ரூவல் டிராயிங்குக்கு ஒன்று, வொர்க்கிங் டிராயிங்குக்கு ஒன்று, எலெக்ட்ரிகல் லேஅவுட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறோம். டெம்ப்ளேட் போட்ட வியூவில் பல அமைப்புகள் மங்கிப்போய் மாற்ற முடியாமல் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது எரிச்சலைத் தருகிறது, உடனே டெம்ப்ளேட்டைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றத் தேவையே இல்லை. டெம்பரரி வியூ ப்ராப்பர்ட்டீஸ் என்பதை இயக்கினால் வியூவைச் சுற்றி ஊதா நிறச் சட்டம் வரும். அதற்குள் வேண்டியதை மாற்றிப் பார்த்து வேலை முடித்து, அணைத்தால் பழையபடி திரும்பிவிடும். அதேபோல ஒரு நிமிடம் மறைக்க வேண்டியதற்கு 'எச்'சை இருமுறை தட்டும் தற்காலிக வழியே போதும். ஷீட்டுக்குப் போகும் வியூவில் கையால் நிரந்தரமாக மறைப்பதை எங்கள் குழுவில் அனுமதிப்பதில்லை.

கடைசியாக லிங்க். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் மாடலை உள்ளே இணைத்தால் அது முதலில் நம் வியூவின் அமைப்பையே பின்பற்றும். நம் தூணை அணைத்தால் அவருடைய தூணும் போய்விடும். லிங்க்டு வியூ என்று மாற்றினால் அவர் வைத்திருக்கும் வியூவின்படி தெரியும். நாங்கள் வேலை தொடங்கும் முன்பே, தூணும் பீமும் மட்டும் காட்டும் ஒரு பிளானை ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக வைத்துத் தரும்படி அவரிடம் கேட்டு வாங்கிவிடுகிறோம்.