பெரிய டவரா, சின்ன ஸ்பீக்கரோடு சப்வூஃபரா?

நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்த ஆசை வந்தே தீரும். குரல் நடுவில் வந்து நிற்கிறது, வயலின் வில்லின் உரசல்கூடக் கேட்கிறது, ஆனால் பாட்டுக்கு அஸ்திவாரம் போட்ட மாதிரி இல்லை. ஸ்பீக்கரை விற்றுவிட்டு ஆளுயர டவருக்குப் போவதா, இருப்பதை வைத்துக்கொண்டு, பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியை மட்டும் தரும் தனிப் பெட்டியான சப்வூஃபர் ஒன்றைச் சேர்ப்பதா, இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிடுவதா? மூன்றையும் ஒரே அறையில், நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள அறையில், மாதக்கணக்கில் வைத்துக் கேட்டிருக்கிறேன். சின்ன அறைக்கும் நடுத்தர அறைக்கும் என் ஓட்டு சப்வூஃபருக்குத்தான். ஆனால் என் காரணம் விளம்பரங்களில் வரும் "அதிரும் பாஸ்" இல்லை. அதை வைக்கும் இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான்.

ஒன்றும் வாங்காமல் இருப்பது

இதையும் ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வு. செல்லோ 65 வரை இறங்கும். பாடும் குரல் பெரும்பாலும் அதற்கு மேலேதான். 50 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இவற்றை முழுசாகத் தந்துவிடும். அதற்குக் கீழே குடியிருப்பவை கொஞ்சம்தான்: டபுள் பாஸின் கடைசித் தந்தி 41, ஐந்து தந்தி பாஸ் கிட்டாரில் 31, பியானோவின் இடது ஓரக் கட்டை 27.5, பெரிய பைப் ஆர்கனின் 32 அடிக் குழாய் 16. அப்புறம் சிந்தசைசரில் உருவாகும் இன்றைய பாஸ் முழுவதும்.

காதும் நமக்கு உதவி செய்கிறது. 41 ஹெர்ட்ஸ் சுரம் ஒலிக்கும்போது 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. அடிப்படை அதிர்வு ஸ்பீக்கரில் வராவிட்டாலும் மடங்குகளைக் கொண்டே மூளை சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கரிலும் பாஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று பின்தொடர முடிவது அதனால்தான். வாசிப்பு விளங்கும், எடை மட்டும் வராது. வீணையும் குழலும் வாய்ப்பாட்டுமே உங்கள் உலகம் என்றால், சப்வூஃபருக்குக் கொடுக்கும் பணத்தை இன்னும் நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். ஸ்பீக்கரைச் சுவரை நோக்கி அரையடி நகர்த்தினாலே பாஸ் கணிசமாகக் கூடும். அதைக்கூடச் செய்து பார்க்காமல் கடைக்குப் போக வேண்டாம்.

டவர் ஜெயிக்கும் இடம்

டவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. டிரம்ஸில் கிக் டிரம்மை அடித்ததும் நெஞ்சில் வந்து மோதும் அந்த அடி, 40 ஹெர்ட்ஸைவிட 80-க்கும் 200-க்கும் நடுவில்தான் அதிகம் இருக்கிறது. அங்கே சப்வூஃபருக்கு வேலையே இல்லை. இரண்டு மூன்று வூஃபர்கள் (தாழ்ந்த ஒலியைத் தரும் கூம்புகள்) சேர்ந்து தள்ளும் டவர், அந்த இடத்தில் ஐந்து அங்குல வூஃபர் ஒன்றால் எட்ட முடியாத தாராளத்தோடு வாசிக்கும். மேலிருந்து கீழ் வரை ஒரே குழு கேட்டுக் கேட்டுச் செதுக்கியது என்பதால் ஒட்டுப்போட்ட இடமும் தெரியாது. திருகிப் பார்க்க குமிழ் கிடையாது, கூடுதல் வயர் கிடையாது. அறை பெரிது, சுவரிலிருந்து தாராளமாகத் தள்ளி வைக்க இடமிருக்கிறது, ஒருமுறை வைத்தால் அதன் பிறகு தொடவே விருப்பமில்லை என்பவர்கள் தயங்காமல் டவர் வாங்கலாம்.

சிக்கல் சின்ன அறையில் ஆரம்பிக்கிறது. கண்ணை மூடினால் மனதில் விரியும் இசை மேடை ஆழமாகத் தெரிய வேண்டும், பாடுபவர் தனியாகப் பிரிந்து நிற்க வேண்டும் என்றால் ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து முன்னே இழுக்கிறோம். ஒரு மீட்டர் இழுத்தோம் என்று வையுங்கள். பாஸ் நாலாபக்கமும் பரவும், பின்னாலும் போகும். சுவர் வரை ஒரு மீட்டர், திரும்பி வர ஒரு மீட்டர். இந்த இரண்டு மீட்டர், நான்கு மீட்டர் அலைநீளத்தில் சரிபாதி. அந்த அலைநீளத்துக்குரிய 86 ஹெர்ட்ஸில், திரும்பி வரும் அலை நேராக வரும் அலையை அமுக்கிவிடும். எவ்வளவு விலையுள்ள டவரானாலும் அங்கே ஒரு பள்ளம் விழும். சுவரோடு ஒட்டினால் பள்ளம் மேலே விலகிப் போகும், ஆனால் மேடை தட்டையாகிவிடும். இசைக்கலைஞர்கள் தெளிவாகத் தெரியும் இடமும் பாஸ் சரியாக வரும் இடமும் ஒன்றாக அமைவது அபூர்வம். டவரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

சப்வூஃபர் தரும் சுதந்திரம்

சப்வூஃபரைச் சுவரிலிருந்து இருபது சென்டிமீட்டரில் வைத்தால் அதே பள்ளம் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே போய் விழும். சப் அவ்வளவு உயரத்தில் வாசிப்பதே இல்லை. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. திரையரங்க ஒலித் தரத்தை வகுக்கும் டிஎச்எக்ஸ், ஸ்பீக்கரும் சப்பும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் கிராஸ்ஓவர் எல்லையாக 80-ஐத் தேர்ந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆக, பாஸை அதற்கு ஏற்ற மூலையிலும் ஸ்பீக்கரை மேடைக்கு ஏற்ற இடத்திலும் தனித்தனியாக வைக்கலாம்.

ஆனால் அந்த மூலை எது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். முதல் சப்பை இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், அறை மூலையில் வைத்தேன். வயர் குட்டை, இடம் காலி, வேறு காரணம் இல்லை. டபுள் பாஸ் தனியாக இறங்கி வரும் ஒரு பதிவைப் போட்டால் 55, 49 ஹெர்ட்ஸ் சுரங்கள் மட்டாக வந்தன. 44-ஐத் தொட்டதும் அறையே ஊதிப் பெருத்த மாதிரி கும்மென்று அடைத்தது. அடுத்த சுரம் வந்த பிறகும் அந்த உறுமல் அடங்கவில்லை. இது சப்வூஃபரின் குற்றமில்லை. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால், அதாவது எட்டால், வகுத்தால் 43. என் அறை அந்தச் சுரத்தில் தானே பாடுகிறது. மூலையில் வைத்த சப் அதை வேண்டி அழைத்துக்கொண்டிருந்தது. "சப் மெதுவாக வாசிக்கிறது, பின்தங்குகிறது" என்று பேசுவார்களே, பெரும்பாலும் அவர்கள் கேட்பது அறையின் இந்த இழுவையைத்தான். பன்னிரண்டு அங்குலக் கூம்பு சோம்பேறி என்பதெல்லாம் கட்டுக்கதை.

ஒரு ஞாயிறு மதியம் சப்பைத் தூக்கி நான் உட்காரும் நாற்காலியில் வைத்தேன். அதே டபுள் பாஸ் பகுதியை ஓயாமல் ஓடவிட்டு, காதைத் தரைக்குக் கிட்டே வைத்துக்கொண்டு சுவரோரமாக முழங்காலில் நகர்ந்தேன். சப்பும் காதும் இடம் மாறினாலும் இரண்டுக்கும் நடுவே அறை செய்யும் வேலை மாறாது. ஆகவே எங்கே எல்லாச் சுரமும் சம எடையில் கேட்கிறதோ அங்கே சப்பை வைக்கலாம். வேடிக்கை பார்க்க வந்த மகளும் கூடவே தவழ்ந்தாள். "அப்பா, அந்த மூலைல காது அடைக்குது. இங்க வாங்க, இங்க எல்லாம் ஒண்ணு போல இருக்கு" என்று அவள் கைவைத்துக் காட்டிய இடம் நீளச் சுவரின் நடுவுக்குச் சற்று முன்னால். கணக்கும் அதையே சொல்கிறது: நீளவாக்கில் எழும் 43 ஹெர்ட்ஸ் அலைக்கு அறையின் நடுப்பகுதிதான் அழுத்தம் இல்லாத இடம், அங்கே நின்று தள்ளினால் அது எழாது. தரையில் டேப் ஒட்டி சப்பை அங்கே நகர்த்தினோம்.

அப்புறம் ஃபேஸ், அதாவது சப்பின் அலையும் ஸ்பீக்கரின் அலையும் ஒரே நேரத்தில் எழுகின்றனவா என்பது. கிராஸ்ஓவர் இருக்கும் அலைவரிசையில், என் விஷயத்தில் 60 ஹெர்ட்ஸில், ஒரு டோனை ஓடவிட்டு நான் நாற்காலியில் உட்கார, அவள் ஃபேஸ் குமிழை மெல்லத் திருப்பினாள். ஒலி உச்சத்துக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அங்கேதான் சப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து தள்ளுகின்றன. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் கேட்பவர்களுக்கு, சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டிருப்பதே தெரியாமல் போகலாம்.

வால்யூமை எல்லோரும் முதலில் கூடுதலாகத்தான் வைப்பார்கள். நான் வைத்துக்கொண்ட சோதனை இது: கிட்டாரும் குரலும் மட்டுமே உள்ள பாட்டில் சப் இருப்பதே தெரியக்கூடாது. தெரிந்தால் குறைக்க வேண்டும், அல்லது கிராஸ்ஓவர் அதிக உயரத்தில் இருக்கிறது. சரியாக அமைந்தபின் நான் முதலில் கவனித்த மாற்றம் பாஸில் இல்லை. நேரடிப் பதிவுகளில் அரங்கத்தின் பரப்பு தெரிந்தது. பாட்டு தொடங்குமுன் இருக்கும் அந்த வெற்று இடத்தின் ஆழம் தெரிந்தது.

மூடிய பெட்டியா, துளையுள்ளதா

இசைக்கு மட்டும் என்றால் மூடிய பெட்டி என்பது என் தீர்மானமான கருத்து. அது தன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வு பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் என்ற சரிவில் மெல்ல இறங்கும். துளையுள்ளது 24 டெசிபலில் செங்குத்தாக விழும். சின்ன அறை தாழ்ந்த பாஸைத் தானே தூக்கிவிடும் என்பதால் மெல்லிய சரிவோடு அது நன்றாகப் பொருந்தும். அடைத்த காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் இந்த யோசனையை எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏஆர்-1 ஸ்பீக்கரில் கொண்டுவந்தார். துளையுள்ள பெட்டி அதே பவரில் 25 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிகச் சத்தம் தரும். சினிமாவுக்கு அது பொருத்தம்.

சின்னப் பெட்டி எப்படி இவ்வளவு இறங்குகிறது என்ற சந்தேகம் நியாயமானது. கேஎல்எச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள 'எச்'சான ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த பவரில் நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். சப் மூன்றாவதை விட்டுக்கொடுத்து, நூற்றுக்கணக்கான வாட் ஆம்ப்ளிஃபயரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.

இணைப்பு

ஆம்ப்ளிஃபயரில் சப் அவுட் இருந்தால் ஒரு ஆர்சிஏ கேபிள் போதும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் முனையிலிருந்தே எடுக்கும் ஹை-லெவல் இணைப்பு உண்டு. 1990-இல் ரிச்சர்ட் லார்ட் தொடங்கிய ரெல் சப்வூஃபர் நிறுவனம் இந்த முறையைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. ஆம்ப்ளிஃபயருக்கு இதனால் சுமை கூடாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்களிலும் பல கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர்களிலும் கறுப்பு முனை பூமி இணைப்பு கிடையாது. அங்கே வழக்கம்போல் கறுப்பு வயரை மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிடக்கூடும். கையேட்டைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

வாய்ப்பிருந்தால் ஸ்பீக்கருக்குப் போகும் தாழ்ந்த பாஸை வெட்டிவிடும் வசதியுள்ள ஆம்ப்ளிஃபயரைத் தேடுங்கள். பலரும் கவனிக்காமல் விடும் லாபம் இது. ஒரே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே தர வூஃபர் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அந்தச் சுமையை இறக்கி வைத்ததும் சின்ன வூஃபர் குரலை எவ்வளவு நிதானமாகப் பாடுகிறது என்பதைக் கேட்டால்தான் நம்புவீர்கள்.

இசைத்தட்டு கேட்பவர்களுக்கு இன்னொன்று. தட்டின் வளைவும் டர்ன்டேபிளின் உறுமலும் சப்பைத் தேவையில்லாமல் ஆட்டும். கூம்பு பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் உள்ளேயும் வெளியேயும் போய்வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் உள்ள ஃபோனோ ஸ்டேஜ் (டர்ன்டேபிளின் சிக்னலைப் பெருக்கும் பகுதி) அவசியம்.

ஒன்றா, இரண்டா

ஒரே பணத்தில் ஒரு பெரிய சப்பா, இரண்டு சின்ன சப்பா என்றால் இரண்டு சின்னதுக்கே போங்கள். நீளச் சுவர்கள் இரண்டின் நடுவிலும் எதிரெதிரே வைத்தால், நீள அலை எழாது. அகல அலையை இரண்டு சப்பும் இரு முனையிலிருந்து தள்ளி ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஹார்மன் ஆடியோ நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்ட்டி பல அமைப்புகளை ஒப்பிட்டபோது எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கும் இந்த ஜோடி மிக நன்றாகத் தேறியது. ஒரு நாற்காலியில் மட்டுமில்லாமல் சோஃபா முழுவதும் ஏறக்குறைய ஒரே பாஸ் கிடைக்கும். ஈக்வலைசரால் மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. பத்து டெசிபல் தூக்கப் பத்து மடங்கு பவர் வேண்டும், அப்போதும் அறை அதை விழுங்கிவிடும். பள்ளத்துக்கு மருந்து இன்னொரு இடத்தில் இன்னொரு சப்தான்.

நான் தனியாகக் கேட்பவன் என்பதால் ஒன்றோடு நிறுத்தினேன். இரவில் தாழ்ந்த சத்தத்தில் கேட்கும்போது, சத்தம் குறையக் குறைய காது பாஸை அதிகமாக இழக்கும் என்று 1933-இல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியது நினைவுக்கு வரும். சப்பை ரிமோட்டில் இரண்டு டெசிபல் ஏற்றிக்கொள்வேன். அதே பாஸ் சுவரைக் கடந்து பக்கத்து வீட்டுக்கும் போகும் என்பதால் பத்து மணிக்கு மேல் அதற்குமேல் ஏற்றுவதில்லை. மற்றபடி குமிழைத் தொட்டு மாதங்கள் ஆகின்றன. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் நீங்கள் சப்பின் வால்யூமை மாற்றிக்கொண்டே இருந்தால், குமிழை விட்டுவிட்டு சப்பை இன்னும் அரையடி நகர்த்திப் பாருங்கள்.