குஸ்தாரா, ப்ரெஃபெரீரா, ‘சோய் தே’யா? ஸ்பானியத்தில் வாசிப்பு ரசனையைச் சொல்லும் வழிகள்

‘கே தே குஸ்தா லெயேர்?’ உனக்கு என்ன படிக்கப் பிடிக்கும் என்று யாராவது ஸ்பானியத்தில் கேட்டால் பதில் சொல்ல முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. மூன்றும் இலக்கணப்படி சரிதான். ஆனால் மூன்றும் ஒரே பேச்சல்ல.

முதலாவது குஸ்தார். தமிழருக்கு இதில் பாதி வேலை மிச்சம். ‘மே குஸ்தா லா பொயெசீயா’ என்றால் ‘எனக்குக் கவிதை பிடிக்கும்’. ‘நான்’ அல்ல, ‘எனக்கு’. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள், நாம் தாண்டிப் போய்விடலாம்.

நாம் வழுக்குவது அடுத்த படியில். தமிழில் ஒரு நாவலானாலும் நூறு நாவலானாலும் ‘பிடிக்கும்’தான். ஸ்பானியத்திலோ பிடித்த பொருள்தான் எழுவாய். அது பன்மையானால் வினையும் பன்மையாகும்: ‘மே குஸ்தான் லாஸ் நொவேலாஸ்’. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆங்கில ‘the’ போல வரும் அந்த ‘லாஸ்’ (ஒருமையில் ‘லா’) வேறு இருக்கிறது. தமிழில் அப்படியொரு சொல்லே இல்லாததால் அதையும் விட்டுவிடுவோம். ‘மே குஸ்தா நொவேலாஸ்’ என்று சொன்னால் ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. தப்பிக்க நல்ல வழி, நடுவில் ‘லெயேர்’ போடுவது. ‘மே குஸ்தா லெயேர் நொவேலாஸ்’ என்னும்போது பிடித்தது ‘படிப்பது’ என்ற ஒரே செயல், ஆகவே வினை ஒருமையிலேயே நிற்கும். ‘லாஸ்’ஸும் தேவையில்லை. தொடக்கநிலையில் இருப்பவருக்கு என் சிபாரிசு இதுதான்.

பிடித்த எழுத்தாளரை நேரில் பார்த்து ‘மே குஸ்தாஸ்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘உன்னை எனக்குப் பிடிக்கும்’ என்ற காதல் பேச்சு அது. ‘மே குஸ்தான் துஸ் லிப்ரோஸ்’, அதாவது உங்கள் புத்தகங்கள் பிடிக்கும் என்றால் வம்பில்லை.

ரொம்பப் பிடிக்கும் என்பதற்கு ‘மே என்காந்தா’. அமைப்பு அதேதான். அதிலேயே ‘ரொம்ப’ அடங்கியிருப்பதால் கூடவே ‘முச்சோ’ சேர்ப்பதில்லை.

ப்ரெஃபெரீர் இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு. ‘ப்ரெஃபியெரோ எல் குவெந்தோ ஆ லா நொவேலா’: நாவலைவிடச் சிறுகதையே எனக்கு உகந்தது. இங்கே எழுவாய் ‘நான்’. துல்லியமான சொல், தேர்வுத்தாளுக்கும் கட்டுரைக்கும் பொருந்தும். ஆனால் எதிரில் இன்னொன்று இல்லாதபோது இதைச் சொன்னால், எதையோ தள்ளிவைத்தது போன்ற தொனி வந்துவிடும். வினையின் நடு உயிரும் ஆளுக்கேற்ப மாறும். நான் ‘ப்ரெஃபியெரோ’, நாங்கள் ‘ப்ரெஃபெரீமோஸ்’.

நண்பர்களோடு பேசும்போது நான் ஓட்டுப் போடுவது மூன்றாவதுக்கு: ‘சோய் மாஸ் தே என்சாயோ கே தே நொவேலா’. நான் நாவலைவிடக் கட்டுரைப் பக்கம் சாய்ந்த ஆள். லா, லாஸ் என்ற தொல்லையில்லை, ஒருமை பன்மைக் கணக்கும் இல்லை. நீங்கள் எந்த மாதிரி வாசகர் என்பதையும் சொல்லிவிடுகிறது. பேச்சுநடை என்பதால் அலுவல் கடிதத்தில் மட்டும் வேண்டாம்.

ஆமோதிக்கும்போதும் முன்னால் வந்த வினையைக் கவனிக்க வேண்டும். குஸ்தாருக்குப் பதில் ‘ஆ மீ தம்பியென்’. ப்ரெஃபெரீருக்கும் ‘சோய் தே’வுக்கும் ‘யோ தம்பியென்’. குழப்பமாகத் தோன்றினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். முன்னது ‘எனக்கும்’, பின்னது ‘நானும்’.